கிழிஞ்ச வாரண்டி ஸ்டிக்கர்

எண்ணூர்ல கடை வச்சிருக்கறவளுக்குத் துடைக்கறதே பாதி பொழப்பு. அனல் மின் நிலையத்துச் சாம்பல் சோத்துலயும் விழும், கம்ப்யூட்டர்லயும் விழும். அதனால இங்க எல்லாரும் அப்பப்ப மூடியைக் கழட்டி, பெயிண்ட் பிரஷ்ஷால கூட்டி, சைக்கிள் பம்ப்பால ஊதிடுவோம். நெட்டுக்குப்பம் பக்கம் நான் பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் டிசைன் பண்ற கடை போட்டப்போ, பார்ட்ஸ் வாங்கி மாட்டின அசெம்பிள்டு மிஷினே போதும்னுதான் தெருவே சொல்லிச்சு. என் வூட்டுக்காரர் கேக்கல. "கம்பெனி பொட்டின்னாதான் கெத்து"ன்னாரு. என் வளையலை அடகு வச்சு, ராயபுரம் ஷோரூம்ல வாங்கினோம்.

பொங்கல் சீசன்ல, கை நிறைய ஆர்டர் இருக்கறப்போ, அது செத்துப்போச்சு. பட்டனை அழுத்தினா மூச்சே இல்ல. வாரண்டிதான் கீதேன்னு ஆட்டோவுல மடியில வச்சுத் தூக்கினு போனேன். மேனேஜர் பொட்டியைத் திருப்பிப் பாத்தாரு. மூடி ஓரத்துல ஒரு வெள்ளி ஸ்டிக்கர், நான் ஊதறதுக்குக் கழட்டினதுல கிழிஞ்சிருந்துச்சு.

"ஸ்டிக்கர் கிழிஞ்சா வாரண்டி கிடையாதும்மா"ன்னாரு. அதோட விட்டாரா? உள்ள கெடந்த சாம்பலைப் பாத்துட்டு, கடையில நின்ன ஜனம் பூரா கேக்கறாப்பல, "இதென்ன கம்ப்யூட்டரா, அடுப்பா? கலீஜான ஏரியாவுக்கெல்லாம் அசெம்பிள்டே ஜாஸ்தி"ன்னாரு. அத்தனை பேரும் சிரிச்சாங்க. எனக்கு அழுகை பொத்துக்கினு வந்துச்சு. இருடா, இதை வட்டியோட திருப்பறேன்னு மனசுக்குள்ள கறுவிக்கினேன்.

பொட்டிக்குள்ள கரண்ட் குடுக்கற பவர் சப்ளைதான் புட்டுக்கினு இருந்துச்சு. அந்தக் கம்பெனிது வெளியில எங்கயும் கெடைக்கல. சீசன் ஆர்டர் முழுக்க அடுத்த தெருக் கடைக்குப் போச்சு, வளையலும் மூழ்கிப்போச்சு. அப்புறம் கடன ஒடன வாங்கி அசெம்பிள்டு ஒண்ணு மாட்டினேன். எது போனாலும் அதை மட்டும் மாத்திக்கலாம். இன்னிக்கும் அதுதான் ஓடுது.

போன வருசம் அதே ஷோரூம்காரங்க என் கடைக்கு எதிர்லயே கிளை திறந்தாங்க. மேனேஜரும் அதே ஆளு. ஆயுத பூசை ஆஃபர்னு கூட்டம் அலைமோதற நேரத்துல, பில் போடற கம்ப்யூட்டர், அதுவும் அதே கம்பெனி பொட்டி, படுத்துக்கிச்சு. கம்பெனி மெக்கானிக் மறுநாள்தான் வருவாராம். ஆளு வேர்த்து விறுவிறுத்து என்கிட்ட ஓடியாந்தாரு. என்னை அடையாளமே தெரியல.

"அக்கா, நீங்கல்லாம் ஊதி சரி பண்ணுவீங்களாமே, கொஞ்சம் வாங்கக்கா."

போய் பட்டனை அழுத்தினேன். மூச்சே இல்ல. அதே பவர் சப்ளை நோவு, ஊதினா எழுந்திருக்காதுன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. நான் ஏன் வாயைத் திறக்கறேன்! "ஊதணும்னா மூடியைக் கழட்டணும் சார். ஸ்டிக்கரை நான் தொட மாட்டேன், நீங்களே கிழிங்க"ன்னேன்.

தயங்கினாரு. வரிசையில ஒருத்தர், "இன்னாபா, இங்கயே பொழுது சாஞ்சிடும் போல கீதே"ன்னு கத்தினாரு. மேனேஜர் நகத்தால கிழிச்சாரு. நான் பம்ப்பை வச்சு ஊதினேன், மொத்த சாம்பலும் அவரு வெள்ளைச் சட்டையில. பட்டனை அழுத்தி அழுத்திப் பாத்தாரு. ஒண்ணும் வரல.

"இதென்ன சார், கம்ப்யூட்டரா, அடுப்பா?"ன்னேன்.

அப்பதான் என் மூஞ்சிய நிமிர்ந்து பாத்தாரு. "வாரண்டி..."ன்னு இழுத்தாரு.

"ஸ்டிக்கர் கிழிஞ்சிருச்சே சார்."

பாவம்னு எனக்கு ஒரு தரம்கூடத் தோணல. கூலி வேணான்னுட்டேன். அந்த ஸ்டிக்கரை மட்டும் எடுத்தாந்து, என் அசெம்பிள்டு பொட்டி நெத்தியில, கம்பெனி பேர் இருக்க வேண்டிய எடத்துல ஒட்டியிருக்கேன். எதிர்க்கடையில அவரு சீட்டுல உக்காந்தா நேராத் தெரியும்.