இருபதாவது கையெழுத்து

எங்கள் வட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் பஸ் ஏழேகாலுக்கு. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்திலோ காலை வேலை ஆறு மணிக்குத் தொடங்கும். அதனால் ஞாயிறு வந்தால் முக்கால் மணி நேரம் மேடேறி நடந்துதான் போவேன். நகரசபைக்கு மூன்று முறை கடிதம் எழுதினேன். மூன்று முறையும், உங்கள் கருத்துக்கு மிக்க நன்றி என்று பதில் வந்தது. நன்றி சொல்லியே ஆளைக் கொல்லுகிற நாடு இந்த ஜெர்மனி. மூன்றாவது பதிலை வாசித்த அன்றுதான், இவர்களுக்கு எழுதிக்கொண்டிருப்பதைவிட நானே சபைக்குள் போய் உட்கார்ந்துவிடலாம் என்று முடிவெடுத்தேன்.

கட்சி இல்லாமல் தனியாளாகவும் நிற்கலாம் என்றார்கள். பெயரைக் கொடுத்தால் போதும் என்று நினைத்துத் தேர்தல் அலுவலகத்துக்குப் போனால், ஒரு கட்டுப் படிவம் தந்தார்கள். என்னை ஆதரிப்பதாக இருபது பேர் கையெழுத்திட வேண்டும். ஆளுக்கு ஒரு தாள். எங்கள் வட்டாரத்தில் வசிக்க வேண்டும், வாக்குரிமை இருக்க வேண்டும், அவரவர் தம் கையாலேயே போட வேண்டும். ஒருவர் ஒரு வேட்பாளருக்குத்தான் போடலாம். இருபது பேர்தானே என்று சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் மகள் பெரியபிள்ளையானபோது வைத்த சாமத்தியவீட்டுக்கு முந்நூறு பேர் வந்து சாப்பிட்டார்கள்.

அந்த முந்நூறு பேரில் பெரும்பாலானோர் வேறு ஊர்க்காரர். மிச்சத்தில் பலர் இத்தனை வருடமாகியும் ஜெர்மன் குடியுரிமை எடுக்கவில்லை. எங்கள் வீதியின் எதிர்ப்பக்கம் வேறு வட்டாரமாம், அங்கே இருக்கிற என் சிநேகிதியின் கையெழுத்தும் செல்லாது. அவளுடைய சமையலறை யன்னலில் நின்று பார்த்தால் என் குசினி தெரியும்.

பிறகு ஆண்கள். போன வீட்டிலெல்லாம் அவர்கள்தான் கதவைத் திறந்தார்கள், உட்காரக் கதிரை தந்தார்கள், தாளை வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள். போட்ட கையோடு மனைவியின் தாளையும் இழுத்து அதிலும் போட்டார்கள். ஒரு அண்ணை என் கண்ணுக்கு முன்னாலேயே மூன்று தாளை முடித்துவிட்டார். ஒன்று தனக்கு, ஒன்று மனைவிக்கு, மற்றது மாமியாருக்கு.

“அண்ணை, அக்கான்ரையை அக்காதான் போடவேணும்.”

“நான் போட்டா அவ போட்ட மாதிரித்தான். வீட்டுக்குள்ளை என்ன பிரிவினை?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனைவிக்கும் மாமியாருக்கும் அவர் போட்ட இரண்டு தாளையும் அவருக்கு முன்னாலேயே கிழித்தேன். குசினியில் நின்ற அக்காவைக் கூப்பிட்டுப் புதுத் தாள் கொடுத்தேன். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து முழுவதையும் வாசித்தார். வென்ற பிறகும் பஸ் வராவிட்டால் என்ன செய்வீர் என்று கேட்டார். அத்தனை வீட்டிலும் என்னை ஒரு கேள்வி கேட்ட ஒரே ஆள் அவர்தான். நான் திணறித் திணறி ஏதோ சொன்ன பிறகே கையெழுத்துக் கிடைத்தது. அன்று வீட்டுக்கு வந்ததும், ஒரு கையெழுத்தைக்கூடப் பெண்களுக்கு விட்டுவைக்காத இந்த ஆண்களைப் பற்றி என் கணவரிடம் பெரிய பிரசங்கமே செய்தேன். அவர் தொலைக்காட்சியைப் பார்த்தபடி தலையாட்டி ஓம் ஓம் என்றார்.

கடைசி நாள் காலையில் என்னிடம் பத்தொன்பது தாள் இருந்தது, என்னுடையதும் கணவருடையதும் சேர்த்து. மகளுக்கு இருபத்தொரு வயது, ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் தொழில் பழகுகிறாள். அவளுடையதைக் கடைசிக்கு விட்டிருந்தேன். வீட்டுக்குள் இருக்கிற கையெழுத்து எங்கே ஓடப்போகிறது? அவள் வேலைக்குப் போய்விட்டாள், எனக்கோ அவசரம். குசினி மேசையில் வைத்து அவளுடைய விவரங்களை நிரப்பி, கையெழுத்தையும் நானே போட்டேன். பள்ளிக்கூடக் கடிதம், பல் வைத்தியரின் படிவம், நீச்சல் வகுப்பு என்று அவளுடைய எத்தனையோ தாள்களில் போட்டுப் பழகிய கை. கொஞ்சமும் உறுத்தவில்லை. அதை எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது.

அலுவலகத்தில் இருந்த பெண் ஒவ்வொரு தாளாகக் கணினியில் சரிபார்த்தார். கடைசித் தாளை மட்டும் என் பக்கம் தள்ளினார். இவர் ஏற்கெனவே இன்னொரு வேட்பாளருக்குக் கையெழுத்திட்டிருக்கிறார், ஆகவே இது செல்லாது என்றார். அப்படி இருக்கவே முடியாது என்று சண்டைக்கு வாயெடுத்தேன். தாளில் கிடப்பது என் கையெழுத்து என்பது அப்போதுதான் உறைத்தது. வாயை மூடிக்கொண்டு தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். ஆறு மணி வரை நேரம் இருக்கிறது என்று அவர் அன்பாகச் சொன்னார்.

மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன், பதில் இல்லை. ஓட்டமும் நடையுமாக எங்கள் வட்டாரத்துக்குத் திரும்பினேன். முதல் வீடு பூட்டிக் கிடந்தது. இரண்டாவது வீட்டில் பிள்ளைகள் மட்டும் இருந்தார்கள். எங்கள் கீழ்வீட்டு ஜெர்மன் பெண்மணி, இதை அவசரப்படாமல் ஆறுதலாக வாசித்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்றார். ஒரு மாதத்துக்கு முன்பே அவரிடம் போக எனக்குத் தோன்றவேயில்லை. ஆறு மணி ஆனபோது வெறுந்தாளோடு மாடிப்படியில் இருந்தேன்.

அதற்குப் பிறகுதான் மகள் எடுத்தாள்.

“உன்ரை தாள் செல்லாதாம்! கையெழுத்தை ஆருக்குக் குடுத்தனி?” என்று எடுத்த எடுப்பிலேயே கத்தினேன்.

வீட்டு வாடகைப் பிரச்சினைக்காக எங்கள் வட்டாரத்தில் நிற்கிற ஒரு பெண்ணுக்காம். போன கிழமைதான் போட்டாளாம். சொல்லிவிட்டு ஒரு கணம் நிறுத்தினாள்.

“அம்மா, நான் உங்களுக்குப் போடேல்லையே. என்ரை பேரிலை தாள் எப்பிடி அங்கை போனது?”

“அவசரத்திலை...” என்று இழுத்தேன். அவளுக்கு விளங்கிவிட்டது.

“நான் நிக்கிறது உனக்குத் தெரியும்தானே,” என்றேன். குரல் இறங்கிவிட்டது.

“ஓம், தெரியும். கேப்பீங்கள் எண்டு மூண்டு கிழமை பாத்துக்கொண்டு இருந்தனான். வீடு வீடாப் போய் எல்லாரையும் கேட்டனீங்கள். அவ என்னட்டை வந்து கேட்டவ, அம்மா.”

வாக்குச்சீட்டில் என் பெயர் வரவில்லை. எதற்கெடுத்தாலும் நகரசபையைத் திட்டுகிற எனக்கு, அன்றைக்குத் திட்டுவதற்கு ஆளே கிடைக்கவில்லை.