கார்ட்டில் படம் இல்லை என்று வந்தவர்கள்

மெமரி கார்ட் திருத்தும் கடைக்கு யாரும் சிரித்த முகத்தோடு வருவதில்லை. கிளிநொச்சி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பத்து வருடமாக அந்த முகங்களைத்தான் பார்க்கிறேன். எடுத்த படத்தைக் கமராவில் தேடிக் காணாமல் ஒருமுறையாவது தவித்திருந்தால், உங்களுக்கும் இது விளங்கும்.

சின்னப் பூட்டு

கலியாணங்களுக்குப் படம் எடுக்கும் சுதன் ஒரு காலை ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்தான். "தாலி கட்ட அரை மணித்தியாலம்தான் கிடக்கு அக்கா. கார்ட் பூட்டிக் கிடக்கெண்டு கமரா சொல்லுது. நான் ஒரு பூட்டும் போடேல்லை."

கார்ட்டின் ஓரத்தில் அரிசியளவு ஒரு தள்ளுகட்டை உண்டு. அது கீழே இறங்கினால் கார்ட் எதையும் பதியாது. அவசரத்தில் செருகும்போது இறங்கியிருக்கிறது. நகத்தால் மேலே தள்ளிக் கொடுத்தேன். என்னையே ஒரு படம் எடுத்துச் சரிபார்த்துவிட்டு ஓடியவன், வாசலில் நின்று திரும்பினான்.

"அக்கா, ஆரும் கேட்டா பெரிய பழுதெண்டு சொல்லுங்கோ."

கமரா கேட்ட கேள்வி

பரமேஸ்வரி அம்மா கார்ட்டைக் கைலேஞ்சியில் முடிந்துகொண்டு முல்லைத்தீவிலிருந்து பஸ்ஸில் வந்தார். கணவர் போன வருடம் மாரடைப்பில் இறந்துவிட்டார். பழைய அல்பங்கள் இடப்பெயர்வில் போய்விட்டன. அவருடைய படங்கள் இருந்தது இந்தக் கார்ட்டில் மட்டும்தான். கமரா ஆங்கிலத்தில் ஏதோ கேட்க, அம்மா 'ஓம்' என்று அமத்திவிட்டார். அது கேட்டது, எல்லாவற்றையும் அழிக்கவா என்று.

"அதுக்குப் பிறகு படம் ஏதும் எடுத்தனீங்களோ அம்மா?"

"இல்லைப் பிள்ளை. பயத்தில தொடவேயில்லை."

அந்தப் பயம்தான் காப்பாற்றியது. அப்படி அழிக்கும்போது பெரும்பாலும் படங்களின் பட்டியல்தான் போகும். புதுப் படம் மேலே வந்து உட்காரும்வரை பழையவை உள்ளேயே கிடக்கும். கார்ட்டைக் கொம்பியூட்டரில் போட்டு மீட்கத் தொடங்கினேன். இரண்டு மணித்தியாலம் அம்மா கதிரையை விட்டு எழும்பவில்லை. கடைசியில் வயல் வரம்பில் சாரத்தை மடித்துக் கட்டியபடி கணவர் திரையில் வந்தார். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மற்றவையும் வந்தன. மங்கலானவற்றை விட்டுவிட்டு நல்லதை மட்டும் பதிந்து தரவா என்று கேட்டேன்.

"கண் மூடின படத்தையும் விடாதேங்கோ பிள்ளை, அவர் எந்தப் படத்துக்கும் அப்பிடித்தான் நிக்கிறவர்."

பெரிய இலக்கம்

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. வவுனியாவிலிருந்து வந்த றெஜியும் கலியாணப் படக்காரன்தான்; அவன் மலிவாக வாங்கிய கார்ட் போலி. மேலே அச்சடித்த அளவில் கால்வாசிகூட உள்ளே இல்லை. நிரம்பிய பிறகும் பதிவதுபோல் நடித்திருக்கிறது. அவன் எடுத்த கலியாணத்தில் தாலி கட்டியது இருந்தது. மாப்பிள்ளையும் பொம்பிளையும் தனியாக நின்ற படங்கள் ஒன்றுமே இல்லை. பதியாத படத்தை என்னாலும் மீட்க முடியாது.

"கமரா களவு போயிட்டுதெண்டு சொல்லட்டோ அக்கா?"

"உள்ளதைச் சொல்லு," என்றேன்.

கடையிலிருந்தே கலியாண வீட்டுக்குப் போன் எடுத்தான். பொம்பிளைதான் பேசினா. அவன் தட்டுத்தடுமாறி எல்லாம் சொல்லி முடித்தான். அவவின் பதில் எனக்கும் கேட்டது.

"அண்டைக்கு எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்க எனக்குச் சிரிப்பே வரேல்லை அண்ணை, ஞாயிற்றுக்கிழமை வாங்கோ, திரும்பவும் கூறைச்சீலை உடுக்கிறன்."

எந்தப் படத்தையும் இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கோ என்று வருகிறவர்களுக்கெல்லாம் படித்துப் படித்துச் சொல்கிற என்னுடைய சொந்தக் கலியாணப் படங்கள் இன்னும் ஒரே கார்ட்டில்தான் கிடக்கின்றன.