தங்கச்சி மண்டபத்துக்குள் வந்தபோது நான் போட்ட பாட்டு

போன வருடம் ஆவணி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. மன்னார் டவுனில் ஒரு கல்யாண மண்டபம். என் தங்கச்சியின் கல்யாண வரவேற்பு. உயிலங்குளத்திலிருந்து அம்மா, அப்பா, மாமா குடும்பம், அயல் வயல்காரர் என்று ஒரு பஸ் நிறைய வந்திருந்தோம். பேசாலையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பஸ்ஸில் வந்திருந்தார்கள். வராதவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் பெரியப்பா. பெட்டையைக் கிறிஸ்தவ வீட்டுக்கு, வேதக்காரருக்குக் கொடுக்கிறோம் என்ற கோபத்தில், விடியவே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். மற்றவர் மாப்பிள்ளையின் அப்பா. அவர் இறந்து அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

வருவாரா மாட்டாரா என்று கடைசிவரை தெரியாமல் இருந்து வந்து சேர்ந்தவர் மாப்பிள்ளையின் அம்மா. அவருக்கு எங்கள் மேல் மனத்தாங்கல் இருந்தது. இரண்டு வீட்டாரும் முதன்முதல் எங்கள் வீட்டில் கதைத்த நாளில் பெரியப்பா கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய் முற்றத்தில் போட்டு அதில் இருந்தார். ஏன் என்று யாரோ கேட்டதற்கு, "உள்ள மீன் வாடை தாங்கேலாமல் கிடக்கு" என்றார். எல்லோருக்கும் கேட்டது. கடற்தொழில் செய்து நாலு பிள்ளைகளை வளர்த்த மனுசி அவர். தேத்தண்ணியைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழும்பிப் போனார். கல்யாணப் பதிவு எழுத்துக்கும் வரவில்லை. மாப்பிள்ளை மாதக்கணக்காகக் கெஞ்சி, அவர்களுடைய கோவில் சுவாமியும் கதைத்து, கடைசியில் சம்மதித்தார். கணவர் போனபின் கறுப்புச் சேலை மட்டுமே உடுத்திவந்தவர், அன்றைக்குத்தான் கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று உடுத்தி வந்திருந்தார். தங்கச்சி அடுத்த நாள் முதல் அந்த அம்மாவின் வீட்டில்தான் இருக்கப் போகிறாள். அதனால் அன்று எது பிழைத்தாலும் அவருடைய முகம் மட்டும் கோணக்கூடாது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் பயந்துகொண்டு இருந்தோம்.

இனி என்னைப் பற்றி. எங்கள் குடும்பத்தில் கம்பஸ், அதாவது பல்கலைக்கழகம், போன முதல் ஆள் நான். அப்பா கையெழுத்து மட்டும் போடுவார், அம்மாவுக்கு அதுவும் இல்லை. அதனால் உர மானியப் படிவத்திலிருந்து மருந்துச் சிட்டை வரைக்கும் என் கைக்குத்தான் வரும். கந்தோர் ஒன்றில் வேலையும் கிடைத்தபின் கேட்கவே வேண்டாம். "உனக்குத்தான் தெரியும், நீ படிச்சனீ" என்று அப்பா சொல்லிவிட்டால் அந்த விடயம் முடிந்தது. கல்யாண அட்டையும் அப்படித்தான் என்னிடம் வந்தது, பாட்டும் அப்படித்தான் வந்தது.

பாட்டு விடயத்தில் எனக்கும் மாமாவுக்கும் பெரிய இழுபறி. மாமா தமிழ்நாட்டு அகதி முகாமில் இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டுத் திரும்பியவர். ஒரு பென் டிரைவ் நிறையக் குத்துப் பாட்டு வைத்திருந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. படித்த வீட்டு வரவேற்பு என்றால் ஒரு தரம் வேண்டாமா என்று நினைத்தேன்.

"மாமா, இது வரவேற்பு. திருவிழா இல்லை" என்றேன்.

"டேய் மாப்ள, உன் பாட்டைக் கேட்டேன்டா. கல்யாணத்துக்கு வந்தவனைத் தூங்கவைச்சு அனுப்பப் போறியா?" என்றார்.

நான் விட்டுக்கொடுக்கவில்லை. மணமக்கள் மண்டபத்துக்குள் வரும்போது போடுவதற்கென்று பியானோவும் வயலினும் மட்டும் உள்ள ஒரு மெட்டை எடுத்து வைத்திருந்தேன். கம்பஸ் விடுதியில் என் அறைக்காரன் படிக்கும்போது அதைக் கேட்பான். அதன் பெயரோ வரலாறோ எனக்குத் தெரியாது. கேட்க அமைதியாக இருக்கும். வெளிநாட்டுக் கல்யாணங்களில் இப்படித்தான் போடுவார்கள் என்று நானாகவே முடிவு கட்டிவிட்டேன். முதல் நாள் மண்டபத்தில் சவுண்ட்காரரிடம் போட்டுக் காட்டினேன். அவர் மன்னாருக்குப் பக்கத்துத் தாராபுரத்து முஸ்லிம். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "நல்ல சாந்தமா இருக்கு தம்பி" என்றார். ஓர் இந்துவும் ஒரு முஸ்லிமும் சேர்ந்து, பேசாலைக் கத்தோலிக்கர்களுக்கு எது பொருத்தம் என்று தீர்மானித்துவிட்டோம்.

கல்யாண நாள் காலையில் கோவிலில் எனக்கு ஒரு வெட்கக்கேடு நடந்தது. வேதக் கோவிலுக்குள் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. பூசையின் நடுவில் எல்லோரும் எழும்பி வரிசையாக முன்னுக்குப் போனார்கள். இருந்தால் மரியாதை இல்லை என்று நானும் போய் வரிசையில் நின்றேன். கோயிலில் திருநீறு வாங்குவதுபோல் வலது கையை இடது கையில் வைத்துப் பணிவாக நீட்டிக்கொண்டும் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர்தான் இருந்தார்கள். பின்னால் நின்றவர் என் சேர்ட்டைப் பிடித்து இழுத்து, "அண்ணை, இது நற்கருணை அப்பம். ஞானஸ்நானம் எடுக்காத நீங்கள் வாங்கக்கூடாது" என்று காதுக்குள் சொன்னார். முகம் சுட, சப்பாத்தைப் பார்த்தபடி திரும்பி வந்தேன். எங்களுடைய ஆட்கள் யாரும் கவனிக்கவில்லை. நான் யாருக்கும் சொல்லவும் இல்லை.

மத்தியானம் ஒரு மணியளவில் மணமக்கள் மண்டப வாசலுக்கு வந்தார்கள். நான் சவுண்ட்காரருக்குக் கையைக் காட்டினேன். மெட்டு ஒலித்தது.

எங்களுடைய பக்கத்தில் கைதட்டினார்கள். பேசாலைப் பக்கத்தில் ஒருவரும் தட்டவில்லை. ஒவ்வொருவராக எழும்பி நின்றார்கள். கிழவர் ஒருவர் தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தார். இரண்டு பெண்கள் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். என் தெரிவுக்கு இவ்வளவு மரியாதையா என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அதை எழுத இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தபோதுதான் ஏதோ பிழை என்று தெரிந்தது. அவர் பாதி வழியில் நின்றுவிட்டார். முன்வரிசையில் அவருடைய அம்மாவின் கதிரை வெறுமையாக இருந்தது. நான் ஓடிப்போய்ப் பாட்டை நிறுத்திவிட்டு அவரிடம் போனேன்.

"என்ன மச்சான்?"

"அந்தப் பாட்டை ஆர் போட்டது?"

"நான்தான்."

"அது பிரேதம் கொண்டு போகேக்க பாண்ட்காரர் வாசிக்கிறது மச்சான். அப்பாவைக் கோவிலிலயிருந்து அடக்கம் பண்ணச் சேமக்காலைக்குக் கொண்டு போகேக்கயும் அதுதான் வாசிச்சவங்கள்."

வாசலில் நின்றவர்கள் சொன்னார்கள், மாப்பிள்ளையின் அம்மா ஓர் ஓட்டோவைப் பிடித்துக்கொண்டு பேசாலைக்குப் போய்விட்டார் என்று.

ஆளுக்கொரு கதை. என் அம்மா அழத் தொடங்கிவிட்டார். அப்பா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "விடுடா, நாளைக்குப் போய்ப் பேசி சமாதானம் பண்ணிக்கலாம்" என்று மாமா சொன்னார். எனக்கு அது சரியாகப் படவில்லை. நாளைக்குள் இந்தக் கதை பேசாலை முழுக்கப் பரவிவிடும், தங்கச்சி அந்தத் தெருவால்தான் நடந்து போக வேண்டும். மாப்பிள்ளை தானே போவதாகச் சொன்னார். நான் விடவில்லை. "நீங்கள் தங்கச்சியோட நில்லுங்கோ. பிழை விட்டது நான். நான்தான் கூட்டிக்கொண்டு வருவன். வருமட்டும் கேக் வெட்ட வேண்டாம்" என்றேன். தங்கச்சி பக்கத்தில் வந்தாள். என் கழுத்துப்பட்டியைப் பிடித்து அவிழ்த்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள். போய் வா என்பதுதான் அது.

சவுண்ட்காரரின் மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு புறப்பட்டேன். தலைமன்னார் வீதியில் கழுதைகள் நடுத்தெருவில் நின்றன. ஹோர்ன் அடித்தாலும் அவை அசையாது. இறங்கித் தள்ளிவிட்டுப் போனேன்.

மாப்பிள்ளையின் அம்மாவுடைய வீட்டுப் படலை திறந்து கிடந்தது. அவர் சேலையைக் களைந்து வீட்டுச் சட்டைக்கு மாறி, வெயிலில் காயப்போட்ட கருவாட்டை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டும் நிமிரவில்லை.

"மாமி" என்றேன்.

"பெரியப்பாதான் போடச் சொன்னவரோ?"

எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் உறைத்தது. மீன் வாடை என்று சொன்ன மனுசன், கல்யாணத்துக்கும் வராமல் நின்று, இப்படி ஒரு பாட்டைப் போடச் சொல்லித் தன்னை அவமானப்படுத்திவிட்டார் என்று அவர் நினைத்திருந்தார்.

"இல்லை மாமி. பெரியப்பாவுக்கு ஒண்டும் தெரியாது. நான்தான் போட்டனான். அது என்ன பாட்டெண்டு எனக்குத் தெரியாது."

"தெரியாதோ? நீ கம்பஸ் படிச்ச பொடியன். ஊர் முழுக்க உங்கட ஆக்கள் அதைத்தானே சொல்லித் திரியினம். படிச்சவனுக்குத் தெரியாதெண்டு சொன்னால் ஆர் நம்பிறது?"

அவ்வளவு நாளும் நான் நெஞ்சில் குத்திக்கொண்டு திரிந்த பதக்கமே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது. படிக்காத ஒருவன் போட்டிருந்தால் தெரியாமல் போட்டான் என்று விட்டிருப்பார். சாவுப் பாட்டென்று இதில் எங்கும் போட்டிருக்கவில்லை என்று போனை எடுத்துக் காட்டினேன். "எனக்கு இங்கிலீஷ் தெரியாது. நீ எதைக் காட்டினாலும் சரியெண்டுதான் சொல்ல வேணும்" என்று கருவாட்டைத் திருப்பினார். சத்தியம் செய்கிறேன் என்றேன். வேண்டாம் என்றார். வெயிலில் ஒரு பத்து நிமிடம் நின்றிருப்பேன். திரும்பிப் போவதில்லை என்பதில் மட்டும் தெளிவாக இருந்தேன். கடைசியில் வேறு வழியில்லாமல், யாருக்கும் சொல்லாததைச் சொன்னேன்.

"மாமி, எனக்கு உங்கட கோவிலைப் பற்றி ஒண்டுமே தெரியாது. காலமை நற்கருணை எண்டால் என்னெண்டு தெரியாமல் நானும் போய் வரிசையில நிண்டனான். ஒராள் பிடிச்சு இழுத்து விட்டவர்."

அவருடைய கை நின்றது. முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"திருநீறு வாங்கிற மாதிரிக் கையை நீட்டிக்கொண்டு நிண்டது நீயோ?"

"ஓம் மாமி."

"கடவுளே! எந்த ஊர்க் கோவில் பங்கு ஆளடா இது, இவ்வளவு பக்தியாய் நிக்குதெண்டு நான் தூரத்திலயிருந்து பாத்தனான்" என்று சொல்லி, வாயைச் சேலைத் தலைப்பால் மூடப் போனார். உடுத்திருந்தது சட்டை. கருவாட்டுக் கையாலேயே மூடிக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்து, அப்படியே அழுதார். நான் பக்கத்தில் குந்திக்கொண்டு மீதிக் கருவாட்டைத் திருப்பிப் போட்டேன். எனக்கும் கண் கலங்கியது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பி, "வாறன். ஆனால் அந்தப் பாட்டு இனிக் கேக்கக்கூடாது" என்றார்.

"இல்லை மாமி. உங்களுக்கு எது விருப்பம்?"

"எனக்கென்ன விருப்பம்? அவர் இருந்திருந்தால் நல்ல குத்துப் பாட்டுக்கு ஆடியிருப்பார். பெருநாளுக்குப் பெருநாள் ஆடிற மனுசன். அப்பிடி ஒண்டும் உங்களிட்ட இல்லையோ?"

உடனே மாமாவுக்குக் கோல் எடுத்து, பென்னைச் சவுண்ட்காரரிடம் கொடுக்கச் சொன்னேன். மாமா அந்தப் பக்கத்தில் சிரித்த சிரிப்பை எழுத முடியாது.

மாமி மறுபடியும் கத்தரிப்பூச் சேலையை உடுத்தி வர அரை மணித்தியாலம் ஆனது. சுவரில் கணவரின் ஹெல்மெட் தொங்கியது. ஒன்றரை வருடமாக யாரும் தொடாதது. தூசியைத் தட்டித் தலையில் போட்டுக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் எனக்குப் பின்னால் ஒருக்களித்து ஏறி இருந்தார். நான் அவசரத்தில் கொஞ்சம் வேகமாகப் போனேன்.

"மெதுவாய் ஓடு தம்பி. விழுந்து செத்தால் அந்தப் பாட்டைத்தான் திருப்பிப் போடுவாங்கள்" என்றார்.

மண்டபத்தை மூன்று மணிக்குக் கையளிக்க வேண்டும். நாங்கள் போய்ச் சேர மூன்று பத்து. பின்னேரம் இன்னொரு விழா இருந்ததால் மனேஜர் மண்டபத்தைப் பூட்டத் திறப்புக் கோர்வையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். ஒரு மணித்தியாலம் கூடத் தரும்படி கெஞ்சினேன். அந்த விழாவின் அலங்காரக்காரரைப் பின்வாசலால் விட்டு, அதற்கும் சேர்த்துக் காசு வாங்கிக்கொண்டு சம்மதித்தார். பேசாலை ஆட்கள் ஒருவரும் போகவில்லை. கேக் வெட்டாமல் அப்படியே இருந்தது. மாமி ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி உள்ளே நுழைய, மாமாவின் பாட்டு இடிபோல் விழுந்தது. மண்டபமே எழும்பிக் கைதட்டியது. அவர் ஆடவில்லை. நேரே தங்கச்சியிடம் போய் அவளுடைய கன்னத்தைத் தொட்டு, ஹெல்மெட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு முன்வரிசையில் இருந்தார். இருந்த இடத்தில் அவருடைய கால் மட்டும் தாளம் போட்டது. மாமா எல்லாருக்கும் சேர்த்து ஆடினார்.

தங்கச்சி இப்போது அந்த வீட்டில் கருவாடு திருப்புகிறாள், மாமியுடன் சண்டையும் பிடிக்கிறாள், சந்தோஷமாக இருக்கிறாள். பெரியப்பா இன்னும் பேசாலைக்குப் போகவில்லை. ஒருநாள் கூட்டிக்கொண்டு போகாமல் நான் விடப்போவதில்லை. ஊரில் இப்போதும் என்னிடம்தான் எல்லாம் கேட்கிறார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, தெரிந்தவரிடம் போய்க் கேட்டுவந்து சொல்கிறேன். முதல் நாளே பேசாலைக்கு ஒரு கோல் எடுத்து, "மாமி, இந்தப் பாட்டு உங்களுக்குச் சரியோ?" என்று கேட்டிருந்தால் பத்து ரூபாயும் போயிருக்காது, கேட்கத் தெரியாத என் படிப்புக்கு அன்று மண்டபத்தில் நான் கட்டியது பதினையாயிரம் ரூபாய்.