ஈறோரம் ஒதுக்கிய மாத்திரை

சுண்ணாம்புக்குளத்து வசந்தா யாரையும் லேசில் நம்பிவிட மாட்டாள். இறால் வாங்க வருகிறவன் சிரித்துப் பேசினால் தராசின் அடியைத் தடவிப் பார்ப்பாள். பக்கத்து வீட்டு ஜமுனா குழம்பு கொடுத்தால், இவளுக்கு இன்றைக்கு என்ன காரியம் ஆகவேண்டுமோ என்று யோசிப்பாள். அப்படிப்பட்டவளுக்குப் பல் ஆடத் தொடங்கியது.

மற்றவர்களுக்குப் பல் போனால் முறுக்கு தின்ன முடியாது, அவ்வளவுதான். வசந்தாவுக்குப் பிழைப்பே போய்விடும். ஏரியில் கழுத்தளவு தண்ணீரில் நின்று, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பவள் அவள். பிடித்ததைப் போடும் ஓலைப்பறியை வாயில்தான் கவ்விக்கொள்ள வேண்டும். இப்போதெல்லாம் பறியின் கயிற்றில் ரத்தம் ஒட்டியது.

சுகாதார நிலையத்து நர்ஸ் மோகனப்பிரியா ஈறைப் பார்த்துவிட்டு வைட்டமின் சி மாத்திரை கொடுத்தாள்.

“தெனம் ஒண்ணு நல்லா மென்னு முழுங்கிடுக்கா.”

மாத்திரை ஆரஞ்சு மிட்டாய் போல இனித்தது. அங்கேயே சந்தேகம் தட்டிவிட்டது. மருந்தென்றால் கசக்க வேண்டாமா? அதுவுமில்லாமல் நோவு ஈறில். வயிற்றுக்குப் போய் அது என்ன கிழிக்கப்போகிறது? புகையிலையை ஒதுக்குவது போல மாத்திரையை ஈறோரம் ஒதுக்கிக்கொண்டு ஏரியில் இறங்கினாள். ஒன்று கரைந்ததும் இன்னொன்று.

மூன்றாம் வாரம் ஈறு வெந்துபோயிற்று. ஒருநாள் காலை, கயிற்றோடு முன்பல்லும் வந்துவிட்டது. பறி கவிழ்ந்து இறாலெல்லாம் தண்ணீரோடு போனது.

ஈரப் புடவையோடு, பல்லைக் கையில் பொத்திக்கொண்டு நேரே நர்சிடம் வந்தாள்.

“இன்னாம்மா குட்த்த எனக்கு? கெட்டுப்போன சரக்க என் தலையில கட்டிட்டியா?”

எப்படிச் சாப்பிட்டாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட மோகனப்பிரியா தலையில் கைவைத்தாள்.

“அது வயித்துக்குப் போயி, ரத்தத்துல கலந்துதான்க்கா ஈறுக்கு வரணும். ஒதுக்கி வெச்சா அந்தப் புளிப்பு ஈற புண்ணாக்கும், பல்லயும் அரிக்கும்.” உள்ளே போய் வேறொரு மாத்திரைப் பட்டையைக் கொண்டுவந்தாள். “இது அப்படியே முழுங்குறது. மருந்து அதேதான்.”

வசந்தா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். செய்த தப்பை மறைக்க இன்னொரு மாத்திரையா?

“இத்த முழுங்குனா போன பல்லு வந்துடுமா?” மாட்டிவிடத்தான் கேட்டாள்.

“வராதுக்கா. மிச்ச பல்லு நிக்குதானு பாக்கலாம். அதுகூட நிச்சயம்னு சொல்ல மாட்டேன்.”

வசந்தா பட்டையைப் பிதுக்கி ஒரு மாத்திரையை எடுத்தாள். கையில் ஒன்றைக் கொடுக்கிற யாரும் அவளிடம் இதுவரை இப்படிப் பேசியதில்லை.

“தண்ணி குடும்மா” என்றாள்.