மூன்றாம் பாகத்தில் பேசுகிறவன் நான்

விழுப்புரம் ஜங்ஷனுக்குப் பக்கத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்தேன். அது படுத்ததும் வீடியோ கேசட் கடை. கேசட் செத்தபோது சிடி. சிடியும் செத்தபோது ஒரு பழைய டிவியையும் இரண்டு ஜாய்ஸ்டிக்கையும் வைத்து கேம் கடை. தகரக் கூரைக்குக் கீழே தொடங்கிய அது இன்று ஏ.சி. போட்ட ஹால். திண்டிவனத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் இன்னொரு ஹால். வெள்ளம் புகுந்து எல்லா செட்டையும் நாசம் செய்த பிறகு, முதலிலிருந்து மறுபடி தொடங்கியதும் நானேதான். பிள்ளைகளைக் கெடுக்கிறான் என்று வாசலில் வந்து கத்தியவர்கள், செல்போன் வந்துவிட்டது இனி இவன் காலி என்று ஆரூடம் சொன்னவர்கள், ஆறாம் வகுப்பைத் தாண்டாதவனுக்குக் கம்ப்யூட்டர் எதற்கு என்று சிரித்தவர்கள், எல்லோரையும் பார்த்துவிட்டேன். யாரும் கை கொடுக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கட்டியவற்றில் ஒன்று மட்டும் கணக்கில் வராமல் நிற்கிறது. அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் கல்லாவில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த முதலாளி அல்ல. ஆடுகிறவன். இந்த வயதிலும் என் கட்டைவிரலுக்கு ஈடு கொடுக்க என் கடையில் நாலு பேர்கூடத் தேற மாட்டார்கள். கேம்களில் வரும் ஆங்கிலப் பேச்சு எனக்கு விளங்காது. அப்படியும் எத்தனையோ தொடர்களை முதல் பாகத்திலிருந்து கடைசிப் பாகம் வரை முடித்திருக்கிறேன். எவன் எவனைக் கொன்றான், எதற்குக் கொன்றான் என்று தெரியாது. எந்த இடத்தில் குனிய வேண்டும், எந்த இடத்தில் உருள வேண்டும் என்று கைக்குத் தெரியும். அது போதும் என்பதே என் கட்சி.

தொடர் எப்படிக் கெட்டுப்போகிறது என்பதை ஹாலில் நின்றே பார்த்தவன் நான். முதல் பாகத்தில் ஹீரோ குதிப்பான். இரண்டாம் பாகத்தில் இன்னும் நன்றாகக் குதிப்பான். மூன்றாம் பாகத்தில் அவனுக்குச் செத்துப்போன தம்பி ஒருவன் முளைப்பான். நாலாம் பாகத்தில் குதிப்பதை விட்டுவிட்டு, நின்று அழுவான். ஆடுகிறவன் ஜாய்ஸ்டிக்கை மடியில் போட்டுக்கொண்டு கொட்டாவி விடுவான். கால்பந்து கேம் வருஷா வருஷம் வருகிறதே, அதில் யார் யாருக்குத் தம்பி? இருந்தும் ஹாலில் அதிகம் ஓடுவது அதுதான்.

எங்கள் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. கதை ஓடும்போது மணி ஓடாது. மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கடையில் இது பெரிய விஷயம். ஒருமுறை புது கேம் போட்ட ஒருவர், பாதி நேரம் கதையிலேயே போய்விட்டது என்று சண்டைக்கு வந்தார். நியாயமாகத்தான் பட்டது. அன்றிலிருந்து திரையில் கதைக்காட்சி வந்தால் கடிகாரத்தை நிறுத்திவிடுவோம். இப்படி வேறெங்கும் கிடையாது. அதன் பிறகுதான் எனக்கு ஒன்று விளங்கியது. மணி நின்ற பிறகும் ஜனங்கள் கதையை ஸ்கிப் செய்தார்கள். அப்படியானால் காசுக்காக இல்லை. கை அரிக்கிறது, அவ்வளவுதான். பின்னால் நின்று வேடிக்கை பார்க்கிறவனோ, "ஏ, தாட்டாதப்பா, இன்னா சொல்றான்னு கேப்போம்" என்று கத்துவான். நிற்கிறவனுக்குக் கதை வேண்டும், உட்கார்ந்தவனுக்கு ஆட்டம் வேண்டும். எந்தப் பாடத்திலும் இது இல்லை. நான் கண்டுபிடித்தது.

இதை நான் சொன்னால் எதிர்த்துப் பேச ஒரே ஆள்தான், என் அண்ணன் மகள். அண்ணன் கெடார் கிராமத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவர். மகளை இன்ஜினீயரிங் படிக்க வைத்தார். அவள் சென்னையில் ஐ.டி. வேலையை விட்டுவிட்டு வந்து, கேம் செய்யப் போகிறேன் என்றாள். வீட்டில் ரகளை. விழுப்புரம் கடையின் மாடி அறையைத் திறந்து கொடுத்தவன் நான். தோழிகள் இருவரோடு அங்கே உட்கார்ந்து அவள் ஓர் ஏரி விளையாட்டைச் செய்தாள். மண்வெட்டியோடு கரையில் ஓடும் ஒரு பெண், உடைப்பை அடைக்க வேண்டும். முதல் பாகம் நன்றாகப் போனது. அதில் ஓட்டமும் மண்ணும்தான், பேச்சே கிடையாது. இரண்டாம் பாகத்தில் நாட்டாண்மை கொலை, துரோகம், பழி என்று கதையை அள்ளிப் போட்டாள். படுத்துவிட்டது.

"நான் அன்னிக்கே சொன்னேன்" என்றேன்.

"நீங்க எல்லாத்தையும் அன்னிக்கே சொல்லிருக்கீங்க, சித்தப்பா."

"ஓடறவள நிக்க வெச்சி கதை சொன்னா எவன் கேப்பான்?"

"கதை இல்லன்னா எதுக்கு ஓடறோம்னே தெரியாம ஓடிக்கினு இருக்கணும். அதுக்கு எலியே போதும். சைக்கிள் கடையில ஆரம்பிச்சி நீங்க மட்டும் தெனம் உங்க கதைய சொல்றீங்களே, அதுக்கு ஒரு ஸ்கிப் பட்டன் வெக்கலாமா?"

தோழிகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதோடு விட்டிருக்கலாம். அவள் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னாள்: "உங்களுக்கு இங்கிலீஷ் புரியாது. புரியாததாலதான் கதை வாணாம்னு சொல்லிக்கினு இருக்கீங்க."

கீழே இறங்கி வந்துவிட்டேன். இன்றும் அந்த இடத்தைத் தொட்டால் வலிக்கும்.

ஆனாலும் ஒன்று. அவளுடைய ஏரி விளையாட்டு தமிழில் பேசுவது. மூன்றாம் பாகம் தயாராகிக்கொண்டிருந்தபோது, சரிபார்க்கிறேன் என்ற பேரில் அவர்கள் சாப்பிடப் போகும் நேரம் மாடிக்குப் போவேன். அதில் வரும் கதைக்காட்சி ஒன்றைக்கூட நான் தாண்டியதில்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என் கட்சி என்னாவது?

அந்த மூன்றாம் பாகத்தின் மேல்தான் அவள் வாழ்க்கை நின்றது. அண்ணன் கெடு வைத்துவிட்டார். இதுவும் போகாவிட்டால் மாடியைக் காலி செய்துவிட்டு ஐ.டி. வேலைக்கே திரும்ப வேண்டும். வெளியிடுவதைப் பற்றி யோசிக்கிறோம் என்று சென்னையில் ஒரு கம்பெனி சொல்லியிருந்தது. அங்கிருந்து ஒருவர் பார்க்க வந்தார். கேம் செய்தவர்கள் அல்லாத ஒருவர் அவர் கண் முன்னால் ஆட வேண்டும், செய்தவர்கள் வாயையே திறக்கக் கூடாது. அதுதான் அவர் வைத்த விதி.

ஆடுவதற்கு ஆளைத் தேர்ந்தெடுத்தவன் நான். கூரியர் கம்பெனியில் வேலை செய்பவன், எங்கள் கடைக்கு ஆட வருகிறவர்களில் முதல் கை. இவனே பாராட்டினால் வேறு யார் என்ன சொல்ல முடியும் என்று நினைத்தேன். அண்ணன் மகளின் முகம் மாறியது. "அவரா? அவரு கதை எதையும் பாக்க மாட்டாரே சித்தப்பா" என்று மெதுவாகச் சொன்னாள். அவன் அதற்குள் உட்கார்ந்துவிட்டான்.

மத்தியான வேளை. ஹால் நிறைந்திருந்தது. கேம் தொடங்கியதும் கதைக்காட்சி வந்தது. அவன் தட்டினான், போய்விட்டது. அடுத்தது வந்தது. அதையும் தட்டினான். "ஜல்தி ஆட்டத்துக்கு வாங்கப்பா" என்றான். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அண்ணன் மகள் சுவரோடு சாய்ந்து இரண்டு கைகளையும் கோத்து இறுக்கிக்கொண்டாள்.

ஆட்டத்தில் மழை. ஏரி நிரம்பி வழிகிறது. ஏதாவது ஒரு மடையைத் திறந்து தண்ணீரை வெளியேற்றாவிட்டால் கரை உடைந்துவிடும். அவன் அழகாகத்தான் ஓடினான். வழுக்கலில் தப்பினான், விழுந்த மரத்தைத் தாண்டினான். கிட்டத்தில் இருந்த கிழக்கு மடையைத் திறந்தான். தண்ணீர் பள்ளத்தில் இருந்த காலனிக்குள் பாய்ந்தது. திரை கறுத்தது. தோற்றுவிட்டீர்கள் என்று எழுத்து வந்தது.

"இன்னாது இது? சரியாத்தான தொறந்தேன்!"

மறுபடி ஓடினான். மறுபடி அதே மடை, இன்னும் வேகமாக. மறுபடி கறுத்தது.

"தலைவரே, பேஜாரு புடிச்ச கேமா இருக்குது. காரணமே இல்லாம சாவடிக்குது" என்று என்னைப் பார்த்தான். சென்னைக்காரர் போனை எடுத்து எதையோ தள்ளித் தள்ளிப் பார்க்கத் தொடங்கினார். கடைக்காரனுக்கு அது தெரியும். வாடிக்கையாளர் மனசுக்குள் எழுந்து போய்விட்டார் என்று அர்த்தம். அண்ணன் மகள் வாயைத் திறந்தாள், விதி ஞாபகம் வந்து மூடிக்கொண்டாள். அவள் கண் என்னிடம் வந்து நின்றது. கோபமா, கெஞ்சலா, தெரியவில்லை.

எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தில் ராஜா வேஷக்காரர் ஆடிக்கொண்டே இருப்பார். அவரை யாரும் நிறுத்திக் கதை கேட்க மாட்டார்கள். கட்டியங்காரன் பக்கத்திலேயே ஓடிக்கொண்டு, நீ யாரு, எந்த ஊரு, எங்கே போறே என்று குடைவான். ராஜா ஆட்டத்தை விடாமல் பதில் சொல்வார். ஜனத்துக்குக் கதையும் கிடைக்கும், ஆட்டமும் நிற்காது. இது எனக்கு அந்த நொடியில் தோன்றியது. யோசித்துச் செய்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

அவன் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். சென்னைக்காரர் நிமிர்ந்தார். "அங்கிள், ப்ளீஸ், யாரும் பேசக் கூடாது."

"செஞ்சவங்கதான சார் பேசக் கூடாது? நான் கடைக்காரன்" என்றேன்.

அவன் மூன்றாவது முறை ஓடத் தொடங்கினான். நான் குரலை எடுத்தேன்.

"யாரும்மா நீ, இந்த மழையில மண்வெட்டிய தூக்கிக்கினு?"

ஹாலில் ஒருவன் சிரித்தான். கூரியர்காரன் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. ஆனால் அவனும் இந்தப் பக்கத்து ஆள்தானே, பதில் தானாக வந்தது. "மடை தொறக்கப் போறேன்யா!"

"எந்த மடை?"

"கெழக்கு மடை. கிட்ட இருக்குது."

"கிட்ட இருக்குது, சரி. தண்ணி எங்க போவும்?"

"பள்ளத்துக்குப் போவும்."

"பள்ளத்துல யாரு வூடு கீது?"

"யாரு வூடு?"

"ஒங்க அக்கா வூடும்மா! புள்ளைங்கள தூங்க வெச்சிட்டு, தங்கச்சி கரையில இருக்கா, பயமில்லன்னு கதவ சாத்திக்கினு படுத்துருக்கா!"

அவன் கட்டைவிரல் நின்றது. திரையில் அந்தப் பெண் கிழக்கு மடைக்கு முன்னால் மழையில் நனைந்தபடி நின்றாள். மற்ற செட்டுகளில் ஆடிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிவிட்டார்கள். கரையில் விரிசல் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்தால் ஏரியே உடையும்.

"அப்ப எதத்தான் தொறக்கறது? சொல்லு தலைவரே, ஜல்தி!"

"மேற்கு மடை இருக்குது. கரை மொத்தமும் ஓடணும். அந்தத் தண்ணி யாரு நெலத்துல பாயும் தெரியுமா? ஒனக்குக் கூலி குடுக்கறவரு நெலத்துல. நாளைக்கு ஒனக்கு வேலை இருக்காது."

"வேலை போனா போவுது!" என்று கத்திக்கொண்டே திருப்பினான். அவன் ஓடியதைப் போல ஓர் ஓட்டம் என் ஹாலில் நான் பார்த்ததில்லை. கால் வழுக்குகிறது, கரை பின்னால் சரிந்துகொண்டே வருகிறது. நின்றவர்கள் "ஓடு, ஓடு" என்று கூச்சல் போட்டார்கள். மேற்கு மடை திறந்தது. காலனி விளக்குகள் அணையாமல் இருந்தன. கூரியர்காரன் ஜாய்ஸ்டிக்கை வைத்துவிட்டு உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்தான்.

சென்னைக்காரர் போனைப் பையில் போட்டிருந்தார். "இந்தப் பேச்சு கேமுக்குள்ளயே வரணும். ஆடும்போதே" என்று அண்ணன் மகளிடம் சொன்னார். அவள் தலையாட்டினாள். மாடிக்கு ஓடிவிட்டாள்.

கதைக்காட்சிகள் எல்லாம் எடுக்கப்பட்டன. கட்டியங்காரன் உள்ளே வந்தான். அவள் ரெக்கார்டரோடு என் எதிரே உட்கார்ந்து, "இன்னொரு தபா சொல்லுங்க சித்தப்பா" என்று கேட்டுக் கேட்டுப் பதிந்துகொண்டாள். பிறகு சென்னையில் ஒரு குரல் கலைஞரை வைத்துப் பேச வைத்தார்கள். என் குரல் கரகரக்கிறதாம். சரி, போகட்டும். கேம் வெளியானது. ஜனங்கள் கொண்டாடுகிறார்கள். அண்ணன் கெடுவை மறந்துவிட்டு, கெடாரில் எதிரே வருகிறவர்களிடமெல்லாம் மகள் பெருமை பேசுகிறார். எனக்கு அதில் சந்தோஷம்தான், பொறாமை இல்லை.

திண்டிவனம் ஹாலில் பெரிய டிவியில் அதைப் போட்டுக் கடைசி வரை ஆடி முடித்தேன். முடிந்ததும் பெயர்கள் மேலே ஏறின. படம் போட்டவர்கள், இசை, குரல், கணக்கு பார்த்தவர், மாடிப்படியில் படுத்திருக்கும் நாய்க்குக்கூட ஒரு வரி. நான் எந்தப் பட்டனையும் தொடாமல் பார்த்தேன். கடைசியில், "விழுப்புரம் கடைக்கு நன்றி."

அண்ணன் மகளுக்குப் போன் போட்டேன். "கடையாம்மா பேசிச்சு?"

"நான் எழுதிக் குடுத்தேன் சித்தப்பா. அந்தச் சென்னைக்காரருதான் எடுத்துட்டாரு. செஞ்சவங்க பேரு மட்டும்தான் வருமாம். கடைக்காரன்னு நீங்களே சொன்னீங்களாம்."

அன்று செய்தவனில்லை என்பதால்தான் வாயைத் திறக்க முடிந்தது. அதையே பிடித்துக்கொண்டு இன்று என் பெயரைத் தள்ளிவிட்டார்கள். "வுட்டுடுங்க சித்தப்பா, அந்தப் பேருங்கள எவன் பாக்கறான், எல்லாரும் ஸ்கிப் பண்ணிட்டுப் போறாங்க" என்றாள். விட மாட்டேன். கதை வேண்டாம் என்றவனுக்குக் கதையில் எதற்குப் பங்கு என்று கேட்பவர்களுக்கும் சொல்கிறேன். ஆடுகிறவனை நிறுத்தி வைத்துச் சொல்கிற கதைதான் எனக்கு ஆகாது. ஓடுகிறவன் காதில் போட்டால் அதுவும் ஆட்டம்தான். அதைப் போட்டுக் காட்டியவன் நான்.

நாலாம் பாகம் மாடியில் தயாராகிறது. கட்டியங்காரன் அதிலும் பேசப் போகிறான். சென்னைக் கம்பெனிக்காரர்களே, அதற்கு முன்னால் மூன்றாம் பாகத்தைத் திருத்தி அனுப்புங்கள். இசைக்கும் குரலுக்கும் நடுவில், கட்டியங்காரன் பேச்சு என்று போட்டு, பக்கத்தில் என் பெயரை இனிஷியலோடு முழுசாகப் போடுங்கள். அந்த ஒரு வரி திரையில் இருக்கும் வரை ஸ்கிப் பட்டன் வேலை செய்யக் கூடாது.