யார் கையெழுத்தும் வேண்டாம்

ஹேதர்ஷா ரக்பி அணியின் சட்டைகளைப் பத்தொன்பது வருஷமாகத் துவைத்தவள் டோரீன் ஹெப்வொர்த். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்றால், திங்கள் காலை அவள் வீட்டுப் பின்சந்தில் நீலமும் மஞ்சளுமாகச் சட்டைகள் கொடியில் தொங்கும். சேற்றைப் பார்த்தே யார் எப்படி ஆடினார்கள் என்று சொல்லிவிடுவாள். சட்டை சுத்தமாக வந்தால் அந்த ஆட்டக்காரனுக்கு அந்த வாரம் நடுத்தெருவில் வைத்துத் திட்டு விழும். நிலக்கரிச் சுரங்கத்தை இழுத்து மூடியபோது ஊரில் பாதிப் பேர் வாயையும் மூடிக்கொண்டார்கள். டோரீன் மூடவில்லை. புருஷன் வில்ஃப் சுரங்கத் தூசியில் நெஞ்சு கெட்டுச் செத்த பிறகும் மூடவில்லை.

1995 வசந்தத்தில், சீசன் முடியும் தறுவாயில், தலையில் இடி விழுந்தது. இனி ஆட்டம் குளிர்காலத்தை விட்டுக் கோடைக்குப் போகுமாம். தொலைக்காட்சிக்காரர்கள் பணத்தைக் கொட்டுவார்களாம். அதற்குச் சின்ன ஊர்கள் பக்கத்து ஊரோடு சேர்ந்து ஒரே அணியாகிவிட வேண்டுமாம். ஹேதர்ஷா யாரோடு சேர வேண்டும் தெரியுமா? பிரிக்காலோடு. நூறு வருஷமாக யாருடைய மூக்கை உடைத்தோமோ, யாரிடம் உடைபட்டோமோ, அவர்களோடு. புது அணிக்கு ஏதோ ஒரு ஆற்றின் பெயர். வெட்கக்கேடு.

ஒரு காலத்தில் அதே அணியில் ஆடி, இப்போது அணி நிர்வாகத்தின் தலைவனாக இருந்த கிளிஃப் ரம்ஸ்டன் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தான். அணியின் பங்குதாரர்கள் கை தூக்க வேண்டியதுதான் பாக்கி. மறுநாள் நண்பகலுக்குள் போட்டிகளை நடத்தும் லீக்குக்குப் பதில் போயாக வேண்டும். கூட்டத்தை அவன் தொழிலாளர் மன்றத்தில் வைத்தான். சூழ்ச்சியா, பழக்கதோஷமா, எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த மன்றத்தில் பெண்கள் உறுப்பினராக முடியாது. ஆண் உறுப்பினர் ஒருவர் வாசல் நோட்டில் கையெழுத்துப் போட்டால் விருந்தாளியாக உள்ளே போகலாம். உள்ளே எந்த வாக்கெடுப்பு நடந்தாலும் விருந்தாளி கை தூக்கக்கூடாது. ஆனால் ரக்பி அணியின் மைதானத்தில் பார்வையாளர் கூரை கட்டியபோது பங்கு வாங்கியவர்களில் பன்னிரண்டு பேர் பெண்கள். டோரீன் அவர்களில் ஒருத்தி.

ஏழு மணிக்கு அவள் வாசலுக்கு வந்தாள். நோட்டோடு உட்கார்ந்திருந்தார் ஆல்பர்ட் ஸ்பிங்க்.

"வா கண்ணு. யாரு உனக்குக் கையெழுத்து? நானே போடட்டா?"

"போட்டா நான் யாரு?"

"என் விருந்தாளி."

"விருந்தாளி கை தூக்கலாமா, ஆல்பர்ட்?"

ஆல்பர்ட் பேனா மூடியைக் கடித்தார். "அது கூடாதுதான்."

"அப்ப விருந்தாளியா வர மாட்டேன். பங்குதாரரா உள்ள விடு."

"விட முடியாதேம்மா. ரூல் இருக்கே."

"சரி, அதை நோட்டுல எழுது. மணி ஏழு அஞ்சு, டோரீன் ஹெப்வொர்த், பங்குதாரர், உள்ள விடலை. எழுதி உன் கையெழுத்தைப் போடு."

அவர் எழுதினார், பாவம். அவள் பின்னால் இன்னும் பதினொரு பெண்கள் வரிசையில் நின்றார்கள். அவர்களுக்கும் எழுதினார். உள்ளேயிருந்து எர்னி என்பவன் ஓடிவந்து தன் மனைவியைக் கூப்பிட்டான்.

"உள்ள வாடி, மானம் போகுது."

"உன் மானத்தை நீயே பத்திரமா உள்ள கூட்டிட்டுப் போ," என்றாள் அவள்.

கடைசியில் கிளிஃபே வெளியே வந்தான்.

"என்னதான் வேணும் உனக்கு?"

"ஒரு தடவை கையைத் தூக்கணும். அவ்ளோதான்."

"நானே கையெழுத்துப் போடறேன். தலைவரோட விருந்தாளி. முன்வரிசையில ராணி மாதிரி உக்காரு."

"உன் சட்டையத் துவைச்சவ நான், கிளிஃப். நீ எத்தனை ஆட்டத்துல மண்ணுல விழாமத் தப்பிச்சேன்னு எனக்குத் தெரியும்."

வரிசையில் சிரிப்பு வெடித்தது. டோரீன் சிரிக்கவில்லை.

"நம்ம அணியோட சட்டத்தை நீதானே போன வருஷம் படிச்சுக் காட்டின? வந்த பங்குதாரரைத் திருப்பி அனுப்பினா கூட்டம் செல்லாது. இங்க பன்னெண்டு பேர் நிக்கறோம், நோட்டுல இருக்கு. நாளைக்கு மத்தியானம் லீக்குக்கு எதை அனுப்புவ?"

கிளிஃப் நோட்டைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான். அவனுக்கு வேறு வழியில்லை; கூட்டத்தை எல்லாரும் நுழையக்கூடிய மைதானத்துக்கு மாற்றினான். ஊரே எழுந்து தூறலில் அங்கே நடந்தது.

பார்வையாளர் கூரையின் கீழ் நின்று கிளிஃப் இணைப்புக்கு ஆதரவான கைகளை எண்ணி முடித்தான். நிறையவே இருந்தன. எதிர்ப்பவர்களைக் கை தூக்கச் சொல்லும் முன் டோரீன் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான், "அந்தப் பணம் இல்லேன்னா இந்த அணி செத்துடும், டோரீன். நிஜமாச் சொல்றேன்."

அவன் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்கும் தெரியும். அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது.

"செத்தா சாகட்டும். கல்லுல நம்ம பேரை எழுதிப் புதைச்சுக்கறோம். அடுத்தவன் பேர்ல உயிரோட இருக்க வேண்டாம்."

இணைப்பு ஒன்பது வாக்கு வித்தியாசத்தில் தோற்றது. ஆனால் முடிவை அறிவிப்பதற்கு முன் கிளிஃப் எதிர்ப்புக் கைகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டியிருந்தது. தூக்கிய கையை டோரீன் இறக்கவே இல்லை. அவன் அவளுக்கு முன்னால் வந்து நின்று, ஊர் மொத்தமும் கேட்க, அவளை நோக்கி விரல் நீட்டிச் சொன்னான்: "ஒன்று."