லாரிக்காரம்மாவின் ஆயுத பூஜை

தாட்சாயிணிக்கு ஸ்கூட்டி ஓட்ட வராது. எட்டு போடப் போய் மூன்று முறையும் காலை ஊன்றியவள். ஆனால் கோவில்பதாகையில் வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே தினமும் நானூறு கிலோமீட்டர் லாரி ஓட்டுகிறாள். அதுவும் பதினாலு சக்கர லாரி. பனி கொட்டுகிற ஊர்கள், பெயர் வாயில் நுழையாத ஊர்கள் எல்லாவற்றுக்கும் லோடு ஏற்றிப் போய்விட்டு, குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் அடுப்படிக்கு வந்துவிடுவாள்.

எல்லாம் ஒரு கையடக்கக் கம்ப்யூட்டரின் உபயம். நடுவில் திரை, இரண்டு பக்கமும் கைப்பிடி, கட்டைவிரலுக்கு இரண்டு ஸ்டிக், ஆள்காட்டி விரலுக்குப் பின்பக்கம் பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும். மகள் கிருஷ்ணப்பிரியா வேலை கிடைத்துக் கோயம்புத்தூர் போனபோது, "போர் அடிச்சா இதுல எதனா ஆடும்மா" என்று விட்டுப் போனது. அம்மா லாரி விளையாட்டைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் போனில் மகளை நச்சரித்து, ஓட்டுவதை நேரலையாகக் காட்டவும் கற்றுக்கொண்டாள். எதிரே கார் குறுக்கிட்டால், "யோவ், ஊட்ல சொல்ட்டு வந்தியா?" என்று அவள் போடும் சத்தத்துக்காகவே ஆள் சேர்ந்தது. செம்பரம்பாக்கம் குடோன் வாசலில் லோடு இறக்கக் காத்துக் கிடக்கிற நிஜ லாரி டிரைவர்கள்கூட, போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு இவள் ஓட்டுவதைப் பார்த்தார்கள். லாரிக்காரம்மா என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான்.

நேரலை பார்க்கிற பதினோராயிரம் பேர் அவளை லாரிக்காரம்மா என்று ஒத்துக்கொண்டதை ஒரே ஒருத்தர் ஒத்துக்கொள்ளவில்லை. அவளுடைய வீட்டுக்காரர் மனோகரன். ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் இருபத்தேழு வருஷமாக அளவு சோதிக்கிற வேலை. முடி அளவு பிசகையும் விரலால் தடவியே சொல்லிவிடுவார். வீட்டில் அம்மா என்ன செய்றாங்க என்று யாராவது கேட்டால் மட்டும், "பொம்மை வெச்சி ஆடிக்கினு கீது" என்பார். கேலிக்காகச் சொல்வதில்லை, உண்மையென்று நினைத்தே சொல்வார். அதுதான் தாட்சாயிணிக்குச் சுருக்கென்று குத்தும். அந்த மனுஷன் வாயால் ஒரே ஒருதரம் அதை வேலை என்று சொல்லிக் கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

இந்த வருஷம் ஆயுத பூஜையன்று நாலு மணிக்கு, இதுவரை போகாத தூரம் போகப் போவதாகப் பத்து நாளாகச் சொல்லி வைத்திருந்தாள். டிரைவர்களெல்லாம் வண்டிக்குப் பூஜை போட்டுவிட்டு ஓய்வாக இருக்கிற நாள். காலையிலிருந்து சுண்டலும் பொங்கலுமாக அடுப்படியை விட்டு நகரவில்லை. கூடத்தில் பூஜைக்கு மனோகரன்தான் ராஜா. மூன்று மணிக்கு மணியடித்துக் கற்பூரத்தைக் காட்டினார். சுண்டலோடு ஓடி வந்தவள் கும்பிட்ட கையோடு நின்றுவிட்டாள்.

வெர்னியர், மைக்ரோமீட்டர், ஸ்பானர்கள், அரிவாள்மனை. எல்லாவற்றுக்கும் நடுவில் அவளுடைய கம்ப்யூட்டர். திரையில் மூன்று கோடு விபூதி. இரண்டு ஸ்டிக்கின் தலையிலும் அச்சில் வார்த்தமாதிரி ஒரே அளவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். சூடு வெளியேறுகிற ஓட்டையில் மட்டும் ஒரு துளிகூடப் படாமல் விட்டிருந்தார்.

"இன்னாங்க பண்ணி வெச்சிருக்கீங்க?"

"இன்னா பண்ணிட்டேன்? தொழில் சாமானை வெக்காம எப்டி பூசை போடறது?"

"இன்னா சாமான்?"

"தொழில் சாமான்" என்றார், தக்காளி விலை சொல்கிற குரலில், கற்பூரத்தட்டை நீட்டியபடி.

தாட்சாயிணிக்குச் சத்தம் போட வந்தது மறந்துபோயிற்று. சந்தோஷத்தில் கற்பூரத்தை மூன்று முறை ஒற்றிக்கொண்டாள். அப்புறம்தான் கடிகாரத்தைப் பார்த்தாள். பூஜையில் வைத்த கருவியை மறுநாள்தான் தொட வேண்டும். இந்த விஷயத்தில் அந்த வீட்டில் காய் நறுக்கக்கூட விதிவிலக்கு கிடையாது.

"நாலு மணிக்கு லைவுங்க!"

மனோகரனுக்கு முகம் தொங்கிப்போனது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பெரிய மனது பண்ணினார். "செரி உடு. பொம்மைன்னு வெச்சுக்க. பொம்மைக்கு இன்னா தோஷம்? எட்த்துக்கோ."

"தொடமாட்டேன்!" தாட்சாயிணி சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தாள். "இப்பத்தான் தொழில்னீங்க. அதுக்குள்ள பொம்மையா? லைவும் வாணாம் ஒண்ணும் வாணாம்."

போனில் கிருஷ்ணப்பிரியா கெஞ்சினாள். "எட்த்து ஓட்டும்மா, சாமி கோச்சுக்காது."

"சாமி கோச்சுக்காதுடி. உங்கப்பா பேச்சை மாத்திடுவாரு."

பத்து நாளாகச் சொல்லி வைத்த பயணம். மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஆனாலும் மூன்று வருஷம் காத்துக் கிடைத்த வார்த்தையை விட்டுக்கொடுக்க அவள் தயாரில்லை. மனோகரன் ஜன்னலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். தெருவில் எதிர்வீட்டு தேவராஜ் தன் குட்டியானை வண்டிக்கு மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி ஓட்டிக்கொண்டு போனான்.

"ஏ தாட்சு! நீ ஓட்டறது இன்னா?"

"லாரி."

"அப்ப அது வண்டி! வண்டியைப் பூசை போட்ட அன்னிக்கே பழத்து மேல ஏத்தி எட்க்கணும். தொழிலும் தொழிலாவே கீது, லைவும் லைவாவே கீது."

தீர்ப்பில் குற்றம் சொல்ல இடமில்லை. ஆனால் பதினாலு சக்கரமும் திரைக்குள் இருந்தன. இருவரும் வீடெல்லாம் தேடி, கடைசியில் அவள் உட்கார்ந்து ஓட்டுகிற உருளும் நாற்காலியில் வந்து நின்றார்கள். ஐந்து சக்கரம். வீட்டில் இருந்தது இரண்டு பழம். மூன்றை மனோகரன் தேவராஜ் வீட்டில் வாங்கி வந்தார்.

நாலு மணிக்கு, எதிரே நிறுத்திவைத்த போன் கேமராவில் நேரலை தொடங்கியது. தாட்சாயிணி கம்ப்யூட்டரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார, மனோகரன் பின்னாலிருந்து தள்ளினார். இரண்டு பழம் நசுங்கியது, இரண்டு கட்டிலுக்கடியில் ஓடியது, ஐந்தாவது அசையாமல் நின்று நாற்காலியைச் சாய்த்தது. விழப்போனவளை அவர் தாங்கிப் பிடித்தார். ஷெட்டை விட்டுக் கிளம்புவதற்குள் ஆக்ஸிடென்டா என்று பார்த்தவர்கள் எழுதித் தள்ளினார்கள்.

லாரி கிளம்பியது. சந்தனம் காய்ந்து இடது ஸ்டிக்கின் இடுக்கில் ஒட்டியிருந்ததால், விரலை எடுத்தாலும் ஸ்டிக் நடுவுக்குத் திரும்பவில்லை. லாரி இடப்பக்கமாகவே இழுத்தது. மனோகரன் ஒரு ஸ்டூலைப் போட்டு அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தார்.

"ரைட்டு புடி. ரெண்டு மில்லி. ஆங், அப்டியே வுடு. லெப்டு பாத்து, லெப்டு பாத்து!"

இரண்டு மணி நேரம் அவர் கண் திரையை விட்டு அகலவில்லை. ஒரு டிரைவர் எழுதினார்: 'லாரிக்காரம்மா, பக்கத்துல குரல் குடுக்கறது யாரு?'

அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மனோகரன் கேமராவுக்கு முன்னால் தலையை நீட்டினார்.

"நானுங்களா? கிளீனருங்க. வண்டி அம்மாவுது."

தாட்சாயிணிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டி ரோடு தெரியவில்லை. லாரி வேலியை உடைத்துக்கொண்டு வயலில் இறங்கியது.